கதவுக் கீலும் ஓடாவித் தாத்தாவும்

(இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்த ஆசிரியர் கூடுகை ஒன்றில், கடற்கரையோரப் பள்ளியில் பணிபுரியும் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எளிய அறிவியல் செயல்பாடுகள் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் பலூன் ராக்கெட் செய்து காட்டினார்கள், எலுமிச்சம்பழத்தில் விளக்கு எரிய வைத்தார்கள். நான் கொண்டு வந்திருப்பது ஓர் ஓட்டை. மரத்தில் விழுந்த ஓட்டை. திருகாணி போட்ட துளை பெரிதாகிப் போனால் என்ன செய்வது என்பதுதான் இன்றைக்கு என் பாடம். சிரிக்கிறீர்கள். உங்களில் எத்தனை பேருடைய வகுப்பறைக் கதவு தரையில் உரசாமல் சாத்துகிறது என்று கையைத் தூக்கச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கதவு தொங்க ஆரம்பித்தது. மேல் கீலின் திருகாணிகள் தளர்ந்து, திருப்புளியை வைத்தால் பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்றின. பள்ளியில் கொஞ்சம் கைவேலை தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. கடைக்குப் போய் அடுத்த சைஸ் திருகாணி வாங்கி வந்து முடுக்கினேன். மூன்று மாதம் நின்றது. மறுபடி ஆடியது, அதைவிடப் பருமனானதைப் போட்டேன். மூன்றாவது முறை திருகாணி ஏற மறுத்தது. சுத்தியலால் அடித்தே இறக்கினேன். நிலையில் ஒரு மெல்லிய விரிசல் ஓடியதைப் பார்த்தேன். பார்த்தும் பெயின்ட் அடித்து மூடினேன்.

அடுத்த ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, கதவைத் திறந்த ஆறாம் வகுப்புப் பெண்ணின் கால்மேல் அந்தக் கதவு சரிந்தது. மேல் கீல் பெயர்ந்து வந்துவிட்டது. கீழ்க் கீல் பிடித்துக்கொண்டதால் முழுக் கதவும் விழவில்லை. கட்டைவிரலில் நான்கு தையல். நகம் போயிற்று. அவ்வளவோடு போனது யாருடைய திறமையாலும் அல்ல.

மறுநாள் அந்தப் பிள்ளையின் தாத்தா பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துத் தலைமையாசிரியர் அம்மா என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் அறைக்குள் வரவே இல்லை. நேராக அந்தக் கதவிடம் போய், பெயர்ந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டு நின்றார்.

“இந்த ஆணிய யாரு சார் போட்டது?”

“நான்தான் ஐயா போட்டேன்.”

“அதுக்கு முந்தினது?”

“அதுவும் நான்தான்.”

அவர் ஓடாவி. நம் கடற்கரை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பரமக்குடி, கமுதிப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வள்ளமும் வத்தையும் கட்டுகிற, பழுது பார்க்கிற தச்சரை இங்கே ஓடாவி என்போம். இடுப்பிலிருந்து ஒரு ஆணியை எடுத்து, திருகாணி இருந்த இடத்தைச் சுற்றிக் குத்திக்கொண்டே போனார். அழுத்தாமலே ஆணி அரை அங்குலம் இறங்கியது. “உள்ள பஞ்சாப் போயிருக்கு சார். ஓட்டை பெருசாச்சுன்னா ஆணியத் தேடக்கூடாது. மரத்தத் தேடணும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு உரை எழுதத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் துளை ஏன் பெரிதாகிறது என்று பார்ப்போம். பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் நடத்துகிறோம். இந்தக் கதவையே கணக்காகப் போடலாம். கதவின் எடை 25 கிலோ, அகலம் 90 செ.மீ., மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 150 செ.மீ. என்று வையுங்கள். கதவின் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 45 செ.மீ. தள்ளி இருக்கிறது. 25 ஐ 45 ஆல் பெருக்கி 150 ஆல் வகுத்தால் 7.5. அதாவது யாரும் தொடாதபோதும், இரவும் பகலும், மேல் கீலை நிலையிலிருந்து பிடுங்கும் விசை ஏழரைக் கிலோ எடைக்குச் சமம். (நியூட்டனில் சொல்லவில்லை என்று இயற்பியல் ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.) இனி 30 கிலோ பையன் ஒருவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் ஆடுகிறான். அவன் கீலிலிருந்து 80 செ.மீ. தள்ளித் தொங்கினால் இன்னும் 16 கிலோ சேரும். பெயர்ந்து வருவது ஏன் எப்போதும் மேல் கீலாகவே இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கீழ்க் கீலில் விசை நிலையை நோக்கி அழுத்துகிறது, அதனால்தான் அது தப்பிக்கிறது.

இதோடு நம் ஊர்க் காற்று சேர்கிறது. பாம்பன் பழைய ரயில் பாலத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நாம். 1914இல் திறந்த இரும்புப் பாலம். உப்புக் காற்றுக்கு எதிராக ஓயாமல் பெயின்ட் அடித்துத்தான் அதைக் காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன, 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிமானத்தைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் இந்தக் காற்றுக்காகத்தான். அந்தக் காற்றுதான் நம் வகுப்பறைக் கீலையும் தின்கிறது.

துரு, தான் பிறந்த இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மரத்துக்குள் திருகாணி துருவேறி வீங்கும்போது துளையின் சுவரை நெரிக்கிறது. பிறகு துரு உதிர்ந்தால் துளை பெரிதாகி, திருகாணி மெலிந்து நிற்கும். இது பாதிக் கதைதான். ஈர மரத்துக்குள் இரும்பு அரிக்கப்படும்போது நடக்கிற வேதிவினை, சுற்றியுள்ள மரத்தின் நாரையும் சிதைக்கிறது. ஆணியைப் பிடுங்கிய இடத்தில் கறுப்பாக, விரலால் சுரண்டினால் பொடியாக வருகிற மரம் அதுதான். கறுப்புக்கு வேறொரு காரணமும் உண்டு: மரத்தில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் நீலக் கறுப்பாகும். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியது இதே வினையால்தான். கறுத்ததெல்லாம் அழுகல் இல்லை. அதனால்தான் தாத்தா கண்ணை நம்பாமல் ஆணியால் குத்திப் பார்த்தார்.

இந்த இடத்தில் பருமனான திருகாணி ஏன் உதவாது? கெட்ட மரம் கெட்ட மரமாகவே இருக்கிறது, நாம் அதை இன்னும் கொஞ்சம் உடைக்கிறோம். நிலையின் விளிம்புக்குப் பக்கத்தில் பருமனான திருகாணி ஏறினால் ஆப்பு மாதிரி வேலை செய்து நாரோடு பிளக்கும். இன்னொன்று எனக்கே பிறகுதான் உறைத்தது. கீலில் திருகாணித் தலை உட்காரக் குழிவு வைத்திருப்பார்கள். பெரிய தலை அதில் அடங்காமல் துருத்தி நிற்கும். கீலின் இரண்டு இதழ்களும் மடங்காது. ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் கதவே கடப்பாறையாகி நிலையிலிருந்து கீலை நெம்பும். அறைந்து சாத்துகிற நம் பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். அதே பருமனில் நீளம் கூடிய திருகாணி என்றால் வேறு விஷயம். உள்ளே ஆழத்தில் நல்ல மரம் இருந்தால் அது போய்ப் பிடிக்கும்.

தாத்தா செய்ததைச் சொல்கிறேன். அன்று மாலையே பையோடு வந்துவிட்டார். கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். ஒரு தேக்குத் துண்டை எடுத்து, கீலைவிட மேலும் கீழும் இரண்டு விரற்கடை நீளமாக, ஒரு அங்குலக் கனத்தில் இழைத்தார். நான் எதிர்பார்த்தது முதலில் அழுகலைத் தோண்டுவார் என்று. அவர் துண்டை முதலில் செய்து, அதை நிலையின்மேல் வைத்துச் சுற்றிக் கோடு கிழித்தார். குழியை வெட்டிவிட்டு அதற்குத் துண்டு தேடினால் எப்போதும் இடைவெளி விழும் என்றார். பிறகு உளியும் கொட்டாப்புளியும். பழைய மரம் தூளாக வந்தவரை வெட்டிக்கொண்டே போனார், சுருளாக வரத் தொடங்கியதும் நிறுத்தினார். “சுருள் வந்தா மரம் உசுரோட இருக்குன்னு அர்த்தம்.”

துண்டைக் குழியில் வைக்கும் முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிலையில் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது, துண்டிலும் அப்படியே ஓட வேண்டும். காரணத்தை நம் புத்தக மொழியில் சொன்னால், மரம் ஈரம் குடித்தால் நாரின் நீளவாக்கில் அநேகமாக வளராது, குறுக்குவாக்கில்தான் உப்பும். இரண்டின் நாரும் ஒரே திசையில் இருந்தால் மழைக்காலத்தில் சேர்ந்து உப்பி, கோடையில் சேர்ந்து சுருங்கும். திசை மாறினால் ஒன்றையொன்று தள்ளி ஒட்டு விட்டுப்போகும். திருகாணிக்கும் இது நல்லது. நாருக்குக் குறுக்கே இறங்கும் திருகாணி நாரைக் கவ்விப் பிடிக்கும். நாரின் முனை வழியாக, விளக்குமாற்றுக் கட்டுக்குள் குச்சி செருகுவதுபோல இறங்கினால் அந்தப் பிடி கிடைக்காது.

பசை தண்ணீர் தாங்குகிற வகையாக வேண்டும் என்று சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினார். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் விட்டுவிடும். ஃபெவிகால் மெரைன் மாதிரியான வகையோ, இரண்டு குழாய் கலக்கிற எபாக்சியோ வேண்டும். ஒட்டிய துண்டை இறுக்க நம்மிடம் கருவி ஏதும் இல்லை. வாசலின் குறுக்கே, எதிர் நிலைக்கும் இதற்கும் நடுவில், ஒரு சவுக்குக் கம்பைக் கொடுத்து ஆப்பு அடித்து இறுக்கிவிட்டு, “நாளைக்கு வர்றேன் சார், யாரும் தொட வேணாம்” என்று போய்விட்டார்.

மறுநாள் துண்டை நிலையோடு சமமாக இழைத்து, திருகாணி போகும் இடத்தில் மூன்று மில்லிமீட்டர் பிட்டால் வழித்துளை போட்டார். எட்டாம் எண் திருகாணி, அதாவது ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர் பருமன், தேக்குக்கு இந்த அளவு சரி. ஒன்றரை அங்குல நீளம் எடுத்ததால் முனை புதுத் துண்டைத் தாண்டிப் பழைய நல்ல மரத்திலும் பிடித்தது. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் மெழுகுவத்தியில் ஒரு இழுப்பு இழுத்தார். கூலி வாங்கவில்லை. தேநீர் மட்டும் குடித்தார்.

பழைய வள்ளத்துப் பலகையிலேயே துண்டு வெட்டியிருக்கலாமே, உங்களிடம் நிறையக் கிடக்குமே என்று நான் கேட்டதற்கு, உப்பு குடித்த மரம் காயாது, ஆணியையும் தின்னும் என்றார். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நான்தான் பொருத்திப் பார்க்கவில்லை.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். நமக்கும் கோடை விடுமுறை. அந்த ஆண்டு விடுமுறையில் நான் தாத்தாவின் வேலையைப் பார்க்கப் போனேன். கதவில் செய்ததையே அங்கே பெரிதாகச் செய்கிறார்கள். பழைய ஆணியைப் பிடுங்கிய துளையைச் சுத்தமாகக் குடைந்து, கூம்பாகச் சீவிய முளையை வெளிப்பக்கத்திலிருந்து அடிக்கிறார்கள். கடல் நீரின் அழுத்தம் முளையை உள்ளே தள்ளுமே தவிர வெளியே தள்ளாது. புது ஆணி பழைய துளையில் போவதில்லை, கொஞ்சம் தள்ளி நல்ல மரத்தில்தான். பலகை பெரிதாகக் கெட்டிருந்தால் சாய்சதுரமாக ஒட்டுப் போடுகிறார்கள். சந்துகளுக்குப் பஞ்சும், எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியமும் பழைய முறை. இப்போது எபாக்சியும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டப் பயன்பட்ட மசூலாப் படகுகளில் இரும்பு ஆணியே கிடையாது. பலகைகளின் ஓரம் முழுக்கத் துளை போட்டுத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தார்கள். துளையை அடைக்கத் தெரியாதவன் அந்தப் படகைக் கட்டியிருக்க முடியாது.

அப்துல் கலாமின் தந்தை இராமேஸ்வரத்தில் மரப்படகு கட்டியதையும், புயல் அதைக் கொண்டுபோனதையும் அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்த மரப்படகுகள் இப்போது குறைந்துகொண்டு வருகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. தாத்தாவின் மகன் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருக்கிறார்.

பள்ளி திறந்ததும் இதை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சோதித்துப் பார்த்தோம். நீங்களும் செய்யலாம். கெட்டியான ஒரே கட்டையில் ஐந்து துளைகளை வேண்டுமென்றே பெரிதாக்கினோம். ஒன்றில் மரத்தூளும் பசையும். ஒன்றில் பசை தடவிய மூங்கில் குச்சிகள். ஒன்றில் நீளவாக்கில் நார் ஓடும் உருண்டை முளை. ஒன்றில் குறுக்கு நார் உள்ள ஒட்டு. ஐந்தாவதில் எம்-சீல். பக்கத்தில் ஒப்பிட ஒரு புதுத் துளை. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத் திருகாணி ஏற்றினோம். இரும்புக் குழாய் ஒன்றை நெம்புகோலாக்கி, திருகாணிக்கு 5 செ.மீ., வாளிக்கு 50 செ.மீ. என்று தூரம் வைத்தோம். வாளியில் ஒரு லிட்டர் ஊற்றினால் திருகாணியில் பத்துக் கிலோ இழுப்பு. வாளிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடம் போதும், யாருடைய காலும் அடியில் இருக்கக் கூடாது.

மரத்தூள் ஒட்டுதான் முதலில் கைவிட்டது. பார்க்க அழகாக இருக்கும், பிடிப்புக்கு உதவாது. உருண்டை முளை அடுத்தது. மூங்கில் குச்சிகள் நாங்கள் நினைத்ததைவிட நன்றாகத் தாங்கின. லேசாகத் தளர்ந்த திருகாணிக்கு அந்த வைத்தியமே போதும். எம்-சீல் கடைசிவரை இழுபறி செய்து மொத்தக் கட்டியாக வெளியே வந்தது. குறுக்கு நார் ஒட்டும் புதுத் துளையும் வாளி நிறைந்த பிறகும் அசையவில்லை. நார் திசை பற்றி நான் விளக்குவதற்கு முன்பே சரியாகச் சொன்னவன், வாசிக்கத் திணறுகிற ஒரு பையன். அவன் அப்பா விறகு பிளப்பவர். அன்றைக்கு அறிக்கையை அவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். அடுத்த வாரம் அவனே நாலு வரி எழுதிக்கொண்டு வந்தான், பிழைகளோடு.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு தந்தை வந்து, “எங்க பிள்ளைகள மறுபடியும் உளியப் பிடிக்கச் சொல்றீங்களா சார்?” என்று கேட்டார். அவர் கேட்டது சரி. 1953இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து, மறு ஆண்டே திரும்பப் பெற வைத்த நாடு இது. அந்தச் சந்தேகம் நமக்கு எப்போதும் இருக்க வேண்டும். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உளியைக் கடைக்காரர் பிள்ளைக்கும் ஆசிரியர் பிள்ளைக்கும் முதலில் கொடுப்பேன். தச்சர் வீட்டுப் பிள்ளைதான் திருப்புத்திறன் கணக்கைப் பலகையில் போட வேண்டும்.

கடைக்குப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஜிப்சம் பலகைக்கு விற்கிற கறுப்புத் திருகாணியை நம் கடற்கரையில் எந்தக் கதவிலும் போடாதீர்கள், சீக்கிரம் துருவேறும், முடுக்கும்போதே தலை ஒடியும். ஸ்டெயின்லெஸ் என்று கொடுப்பதைக் காந்தத்தால் சோதியுங்கள். 304, 316 ரகங்களைக் காந்தம் அநேகமாக இழுக்காது. நன்றாக ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் 410 ரகம், நம் காற்றில் பழுப்பேறிவிடும். கடலுக்கு மிக அருகில் 316 நல்லது, விலை கூடுதல். பித்தளை மென்மையானது, ஏற்றும்போதே முறியும். அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றிக் கழற்றி, வழி செய்துவிட்டுப் பித்தளையைப் போடுங்கள். இரும்புக் கீலில் ஸ்டெயின்லெஸ் திருகாணி போட்டால் கீல் சீக்கிரம் அரிக்கும். இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால் நல்லது.

பெஞ்சு, மேசைப் பலகைகள் இப்போது பெரும்பாலும் பிளைவுட் அல்லது துகள் பலகை. அவற்றில் பெரிதான துளைக்கு ஒட்டு வேலை நிற்காது. ஊடுருவிப் போகிற போல்ட் நட்டும், இரண்டு பக்கமும் அகலமான வாஷரும் போட்டுவிடுங்கள். போல்ட்டின் முனை பிள்ளைகளின் முழங்காலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையே சுவரிலிருந்து ஆடினாலோ, கரையான் தின்றிருந்தாலோ, நாம் கைவைக்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானம் எழுதி, அறையைப் பூட்டிவிடுங்கள். மின்விசிறிக் கொக்கி பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, அது நம் வேலையே இல்லை.

கற்றல் இடைவெளியையும் இந்த ஓட்டையையும் ஒப்பிட்டு முடிப்பேன் என்று சிலர் காத்திருப்பது தெரிகிறது. அப்படி ஒன்றும் இல்லை. இது கதவைப் பற்றிய பேச்சுதான்.

அந்தக் கதவு இன்னும் தரையில் உரசாமல் சாத்துகிறது. அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. நகம் கொஞ்சம் கோணலாக வளர்ந்திருக்கிறது. சென்ற வாரம் பார்த்தேன், கீழ்க் கீலில் நடுத் திருகாணியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரிகிறது. அரையாண்டு விடுமுறைக்கு முன் கழற்றி, ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும்.